உருவமும் தீர்ப்பும்: ருஷிய உருவவாதம் பற்றி ஒரு சிந்தனை

இலக்கியத்தை ஆசிரியரின் வாழ்க்கை வரலாறாகவோ, சமுதாயக் கருத்துகளின் கொள்கலமாகவோ கருதிவந்த ருஷியத் திறனாய்வை மறுத்தெழுந்தது உருவவாதம். 1915-இல் மாஸ்கோ மொழியியல் வட்டமும், அதனையடுத்துப் பெத்ரோகிராடில் ஒப்போயாஸ் என்னும் கழகமும் தோன்றின. இலக்கியம் என்ன சொல்கிறது என்பதினும், எவ்வாறு ஆக்கப்பட்டுள்ளது என்பதே இவர்களது வினா.

விக்தர் ஷ்க்லோவ்ஸ்கி 1917-இல் வெளியிட்ட 'உத்தியாகக் கலை' என்னும் கட்டுரை இவ்வினாவைக் கூர்மையாக்கிற்று. டால்ஸ்டாயின் 1897-ஆம் ஆண்டு நாட்குறிப்பொன்றை அவர் எடுத்தாள்கிறார். அறையைத் துடைத்துக்கொண்டிருந்த டால்ஸ்டாய்க்கு, சோபாவைத் துடைத்தோமா இல்லையா என்பது நினைவில் இல்லை. பழக்கம் அச்செயலை விழுங்கிவிட்டது. பழகியதைப் புதியதாகக் காட்டி, நம்மை நின்று நோக்கச் செய்வதே கலையின் பணி. இதுவே 'அந்நியமாக்கல்'.

இக்கொள்கையின் வன்மையை நாம் மறுப்பதற்கில்லை. வாரந்தோறும் ஒரே சொற்களை ஓதுகிற நாம், பழக்கம் செய்யும் தீங்கை அறிவோம். ஆயினும் அவர் காட்டும் சான்றுகளே அவரது கொள்கையைக் கடந்து நிற்கின்றன. 'ஹோல்ஸ்தமேர்' கதையில், மாந்தர் 'என்னுடையது' என்று கூறுவதன் பொருள் விளங்காமல் ஒரு குதிரை திகைக்கிறது. 'புத்துயிர்ப்பு' (1899) நாவலிலோ சிறைச்சாலைத் திருவிருந்து ஆராதனை, சமயச் சொற்கள் களையப்பட்டு, அப்பத் துண்டுகளும் திராட்சரசமுமாகவே வருணிக்கப்படுகிறது. டால்ஸ்டாய் இவ்வாறு எழுதியது பலரைப் புண்படுத்தியதை ஷ்க்லோவ்ஸ்கியே குறிப்பிடுகிறார். வெறும் உத்தியாயின் புண்படுவானேன்? டால்ஸ்டாய் நம் கண்களைப் புதுப்பித்ததோடு நில்லாமல், கண்டவற்றின்மீது தீர்ப்பும் கூறினார்.

சொல்லுக்கு முதன்மை தந்த இவர்களை யோவானின் வழியினர் என்று திரோத்ஸ்கி 1923-இல் ஏளனம் செய்து, செயலே முதலாவது என்றார். அவ்வேளனம் குறி தவறியது. யோவான் கூறும் வார்த்தை மாம்சமாகி மனிதரிடையே வாசம்பண்ணுகிறது. தொடக்ககால உருவவாதத்தின் சொல்லோ வாழ்க்கையினின்று விலகி நின்றது. இக்குறையை உணர்ந்த தின்யானவ், 1927-இல், இலக்கியம் சமுதாய வாழ்வோடு மொழியின் வழியாகவே உறவு கொள்கிறது என விளக்கினார். அவ்வாராய்ச்சி முதிர்வதற்குள் அரசியல் நெருக்கடி மிகுந்தது. 1930-இல் ஷ்க்லோவ்ஸ்கி தம் கொள்கையைப் பிழையென எழுத நேர்ந்தது. உருவவாதம் வாதத்தில் தோற்கவில்லை, வாயடைக்கப்பட்டது.

ஆகவே, ஒரு நூல் எவ்வாறு ஆக்கப்பட்டது என்னும் வினாவை நாம் இவர்களிடமிருந்து நன்றியுடன் பெற்றுக்கொள்வோம். எதற்காக என்னும் வினாவை அதனோடு சேர்த்துக் கேட்பது நம் கடமை.