வாடகைக் கவுனில் சிண்ட்ரெல்லா

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை, ஆங்கிலவழிப் பள்ளிகளின் ஆண்டு விழாவில் சிண்ட்ரெல்லா மேடையேறாத வருடம் அபூர்வம். 'கதைக்கு ஏது எல்லை, ஐரோப்பிய நாட்டார் கதையையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டுமே' என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். கூச்சம் போகிறது, நாலு வரி ஆங்கிலம் தைரியமாக வருகிறது, சரி.

ஆனால் மேடையில் நிற்பது நாட்டார் கதையே இல்லை. 1950இல் டிஸ்னி எடுத்த படம். பூசணிக்காய் வண்டி, கண்ணாடிச் செருப்பு, தேவதை எல்லாம் 1697இல் பிரெஞ்சுக்காரர் பெரோ அச்சிட்ட வடிவத்திலிருந்து அந்தப் படத்துக்கு வந்தவை. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஜெர்மன் கதையில் தேவதை கிடையாது. செத்துப்போன அம்மாவின் சமாதியில் மகள் நட்ட மரம்தான் உடுப்பு தருகிறது. செருப்பில் கால் நுழைய வேண்டுமென்று மாற்றாந்தாயே தன் மகள்களிடம் கத்தியை நீட்டுகிறாள். ஒருத்தி விரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலை. ஒழுகும் ரத்தத்தைப் புறாக்கள் காட்டிக்கொடுக்கின்றன. தாயில்லாப் பிள்ளையின் ஏக்கத்தையும் பெற்றவளின் பேராசையையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது நீல கவுன்.

உண்மையில் கதையைத் தேர்ந்தெடுப்பதே அந்த கவுன்தான். வாடகைக் கடையில் எது தொங்குகிறதோ அதுவே மேடைக்கு வருகிறது. பாரதி வேஷமும் உண்டே என்பார்கள். முண்டாசும் ஒட்டுமீசையும் அதே கடையில் கிடைக்கிற வரைக்கும்தான். கதைக்கு எல்லை இல்லையென்றால், ஏ.கே. ராமானுஜன் பதிவுசெய்த கன்னடக் கதை 'ஹஞ்சி' ஏன் எட்டிப் பார்ப்பதில்லை? அதுவும் சிண்ட்ரெல்லா வகைதான். அதன் நாயகியின் முகத்தை மறைப்பது அம்மா ஏற்பாடு செய்த மண் முகமூடி. அதை எந்தக் கடை வாடகைக்கு விடும்?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயில். அந்த ஊர்ச் சிவன் கோயில் கதையில், மன்னன் தொண்டைமானின் யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்குகிறது. வாளால் வெட்டினால் அடியில் ரத்தம், வெட்டுப்பட்ட லிங்கம். அந்தக் காயத்துக்குத்தான் இன்றும் சந்தனக் காப்பு. குறும்பரோடு போருக்குப் போன மன்னனுக்குத் துணையாகக் கிளம்பிய நந்தி இன்னமும் சாமிக்கு முதுகு காட்டி நிற்கிறது. குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் எருக்கந்தூண்களை நேரிலேயே பார்க்கலாம். கிரிம் கதையில் தூங்கும் இளவரசியைச் சுற்றிய முட்புதரில் சிக்கிச் செத்த இளவரசர்களை இதோடு சேர்த்துச் சொன்னால், ஐரோப்பாவும் உருப்படியாக வகுப்புக்குள் வரும்.

'அது சாமி கதை சார், ஃபேன்சி டிரஸ்ஸுக்கு ஒத்துவராது' என்பார்கள். யானைக்கு அட்டையில் ஒரு தும்பிக்கை, கொடிக்குப் பச்சைக் கயிறு. வேறென்ன வேண்டும்?