‘அந்த நாள்’ திரைப்படத்தில் தேசத்துரோகம்: 1943இன் சென்னையும் 1954இன் தீர்ப்பும்

எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’, பாடல்கள் இல்லாத தமிழ்ப் படம் என்ற சிறப்பினாலேயே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. குரோசவாவின் ‘ராஷோமோன்’ படத்தோடு அதன் கதைசொல்லும் உத்தியை ஒப்பிடுவது திறனாய்வாளரின் அடுத்த வழக்கம். இவற்றுக்கிடையில், அது போர்க்காலச் சென்னையின் பற்றுறுதிச் சிக்கலைப் பேசும் படம் என்பது பின்தள்ளப்பட்டுவிட்டது.

1943 அக்டோபர் 11 அன்று சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நிகழ்ச்சியே கதையின் பின்புலம். வானொலிப் பொறியாளன் ராஜன் (சிவாஜி கணேசன்) சுட்டுக் கொல்லப்படுகிறான். துப்பறியும் அதிகாரி சிவானந்தத்திடம் (ஜாவர் சீதாராமன்) அளிக்கப்படும் வாக்குமூலங்கள் ஐயத்தை ஒருவர்மேலிருந்து மற்றொருவர்மேல் நகர்த்துகின்றன. ராஜன் ஜப்பானுக்கு இரகசியங்களை விற்றவன் என்பதும், அவன் இறந்தது மனைவி உஷாவின் (பண்டரிபாய்) கைத்துப்பாக்கியால் என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன. கொன்றவர் யார் என்பதில் பல கோணங்களை அனுமதிக்கும் படம், துரோகம் எது என்பதில் ஒரே கோணத்தையே அனுமதிக்கிறது.

வீழ்த்தப்பட்ட நேசநாட்டு விமானிகளைத் தப்புவிக்கும் பெல்ஜியக் குழுவைச் சித்திரித்த பிபிசியின் ‘சீக்ரெட் ஆர்மி’ (1977–79) தொடருக்கு இவ்வுறுதி இயல்பாகவே வாய்த்தது. அங்கே ஆக்கிரமிப்பாளன் ஒருவனே. சென்னையிலோ நகரைக் காத்து நின்ற அரசே அந்நிய அரசு. குண்டு விழுவதற்கு ஒரு மாதம் முன்னர், 1943 செப்டம்பர் 10 அன்று, வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்தியேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நால்வர் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். இவர்களுள் காதர் பினாங்கில் பயிற்சி பெற்று ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரைக்கு வந்தவர். அன்றைய சட்டத்தின் முன் அவர்கள் பகைவரின் ஒற்றர்கள். விடுதலைக்குப் பின் தியாகிகள்.

ராஜனை அவர்களோடு நிகராக வைக்க இயலாது. அவன் விலை பேசியவன். ஆயினும் அவனை அவ்வாறு படைத்ததே ஆராயத்தக்க தேர்வு. மலிவு விலை வானொலியை அரசு புறக்கணித்ததால் எழுந்த மனக்கசப்பே அவனுக்குத் தரப்படும் காரணம். அரசியல் காரணம் தனிமனிதக் காழ்ப்பாகச் சுருங்க, உஷா ‘நாடு’ எனும்போது 1954இன் குடியரசு 1943க்குள் நுழைந்துவிடுகிறது.

உஷாவின் பக்கத்தில் வலுவான நியாயம் இல்லாமலில்லை. சயாம்–பர்மா இரயில்பாதையில் ஜப்பானியர் வேலை வாங்கி மடியவிட்ட மலாயாத் தமிழர் பல்லாயிரவர். ஜப்பானை விடுதலையாளனாகக் காண மறுக்க அது ஒன்றே போதும். படம் அந்த வாதத்தையும் அவளுக்குத் தரவில்லை.