மலையனூரும் பல்கலைக்கழகங்களும்

பல்கலைக்கழகங்களின் சமூகப் பணி என்று நம்மிடையே பேசப்படுவது ரத்ததான முகாம், மரக்கன்று, கிராமத்துக் கோயிலில் தங்கிப் புல் செதுக்கும் நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. 1969ல் தொடங்கிய அத்திட்டத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. புல் செதுக்கப்படத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு? பஞ்சாயத்து போதும். பல்கலைக்கழகம் செய்தாக வேண்டிய காரியம் வேறு: ஓர் ஊரைப் பற்றித் திரட்டிய அறிவை, அந்த ஊரே எடுத்துப் படித்து, மறுத்து, சண்டை பிடிக்கும்படி அதன் முன் வைப்பது. அது இங்கு நடந்திருக்கிறதா என்று பார்க்க மேல்மலையனூர் நல்ல இடம்.

செஞ்சியிலிருந்து இருபது கிலோமீட்டர் போல இருக்கும். அமாவாசை தோறும் இரவில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல். மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. வருஷா வருஷம் புதிதாகக் கட்டப்படும் தேர். பூசை செய்கிறவர்கள் பர்வதராஜ குலத்தார் எனப்படும் செம்படவர்கள். பம்பையும் உடுக்கையும் அடித்துச் சொல்லப்படும் கதை தெரிந்ததுதான். பிரமனின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொள்கிறது. இடுகிற பிச்சையை எல்லாம் அதுவே தின்றுவிடுகிறது. தேவி மயானத்தில் சோற்றை இறைக்கிறாள். கபாலம் ஆசைப்பட்டுக் கீழே இறங்குகிறது. இறங்கியதும் மிதித்து அடக்குகிறாள்.

புராணங்களில் இந்தக் கபாலம் கழன்று விழுகிற இடம் காசி. மலையனூர் அதைத் தன் சுடுகாட்டுக்கு மாற்றிக்கொண்டது. சிவனை விடுவிக்கும் சக்தியை க்ஷேத்திரத்திடமிருந்து பிடுங்கி, மீன் பிடிக்கும் சாதியார் பூசை செய்யும் ஒரு தேவியின் காலடியில் வைத்தது. இது வெறும் பக்தி அல்ல. ஒரு பிரதியைப் படித்து, ஒப்புக்கொள்ளாமல், எதிர்ப் பிரதி செய்த விமர்சனக் காரியம். எழுதத் தெரிந்தவர்கள் செய்திருந்தால் நம் தமிழ்த்துறைகள் இதற்குள் ஒரு கருத்தரங்கமாவது நடத்தியிருக்கும்.

இதை ஒரு முழுப் புத்தகத்துக்கு உரிய விஷயமாக எடுத்துக்கொண்டவர் எவலின் மேயர். அங்காளபரமேசுவரியின் கதைகளையும் வழிபாட்டையும் பற்றிய அவர் நூல் 1986ல், ஹைடல்பர்க் பல்கலைக்கழகத் தெற்காசிய நிறுவனத்தின் வரிசையில், ஜெர்மனியில் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. இரண்டு வருஷம் கழித்து ஆல்ஃப் ஹில்டெபைட்டலின் திரௌபதி வழிபாடு பற்றிய முதல் தொகுதி சிகாகோ பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதன் உபதலைப்பே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்பது. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயில் அதில் மூலஸ்தானம் போல நிற்கிறது. 1990ல் ரிச்சர்ட் ஃப்ராஸ்காவின் தெருக்கூத்து நூல், ஹவாயிலிருந்து. வெளிநாட்டான் கொள்ளையடித்துப் போய்விட்டான் என்று இதைப் பார்த்துப் புலம்புவது சோம்பேறியின் தேசபக்தி. அவர்கள் உழைத்தார்கள். ஆனால் அந்தப் புத்தகங்கள் பிறந்த மொழியும் விலையும் பம்பைக்காரருக்கு உரியவை அல்ல. அவற்றை இங்கே திருப்பிக் கொண்டுவருவது ஹைடல்பர்க்கின் வேலையும் அல்ல.

திருப்பிக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கூத்து உலகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்த ஹன்னா டி புருயின், ஆராய்ச்சி முடிந்து பெட்டி கட்டிவிடவில்லை. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலோடும் மற்ற நடிகர்களோடும் 1990ல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தபோது உடனிருந்தார். 'தெருக்கூத்து' என்று படித்தவர்கள் வழங்கும் பெயரைச் சங்கம் ஏற்கவில்லை. தோளிலும் தலையிலும் அணியும் கட்டைகளை வைத்துக் 'கட்டைக்கூத்து' என்றது. புரிசைக்காரர்கள் பழைய பெயரிலேயே நிற்கிறார்கள். யார் சொல்வது சரி என்பது எனக்கு முக்கியமில்லை. தன்னை என்ன சொல்லி அழைப்பது என்று ஆடுகிறவன் ஆராய்ச்சியாளனோடு வாதாடினான் என்பதே முக்கியம்.

இனி நம் பல்கலைக்கழகங்கள். 1943லேயே சி. எஸ். ஸ்ரீனிவாஸாச்சாரி செஞ்சியின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. மதிப்புக்குரிய உழைப்பு. செஞ்சியும் அதன் அரசர்களும் என்று தலைப்பே தன் எல்லையைச் சொல்லிவிடுகிறது. அதற்குப் பின் இந்த வட்டாரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இணைப்பு என்ற ஒற்றைச் சொல். விழுப்புரத்துக் கல்லூரிகள் முதலில் சென்னையோடு. 2002க்குப் பின் வேலூர்த் திருவள்ளுவரோடு. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்துக்கென்றே ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம். அதே வருஷம் ஆட்சி மாறியதும் அதை அண்ணாமலையோடு சேர்த்துவிடச் சட்டம். உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்காமலே மாணவன் பல்கலைக்கழகம் மாறினான். பெயர் யாருடையது என்று இரண்டு கட்சிகளும் சண்டையிட்டன. அங்கே என்ன படிக்கப்படும் என்பதைப் பற்றிச் சண்டையிட ஆளில்லை.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. நா. வானமாமலை பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று 'ஆராய்ச்சி' இதழைக் கொண்டுவந்தவர். அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் அச்சிட்டது. கதவு திறந்தால் திறக்கத்தான் செய்கிறது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. தனியாக அல்ல, 'மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில், மகாராஷ்டிரத்துக் கோட்டைகள் பதினொன்றோடு பன்னிரண்டாவதாக. சிவாஜி பிடித்தது 1677. மொகலாயரிடம் போனது 1698. அதற்கு முன் நாயக்கர்கள், பீஜாப்பூர். பின்னால் 1714ல் செத்துக் கதைப்பாடலில் பிழைத்த தேசிங்கு. இருபத்தொரு வருஷம் மற்றவற்றுக்கெல்லாம் பெயர் வைக்கலாமா? வைக்கலாம் என்றும் வாதிக்க இடமுண்டு. அந்த வாதத்தைத் தமிழில், செஞ்சியில், கடைக்காரரும் வந்து கேட்கும்படி நடத்த வேண்டியது யார்?

நாட்டார் வழக்காறு பற்றி இங்கு ஆய்வேடுகள் எழுதப்படாமல் இல்லை. இப்போது இணையத்திலும் ஏற்றுகிறார்கள். இருந்தும் அவை புறத்தேர்வாளரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. முனைவர் பட்டத்தின் கடைசிச் சடங்குக்குப் பொது வாய்மொழித் தேர்வு என்று பெயர். அந்தப் 'பொது' என்பது துறை அறையில் பத்து நாற்காலி, பிஸ்கட், தேநீர். அங்காளம்மனைப் பற்றிய அடுத்த ஆய்வேட்டின் தேர்வை மலையனூரிலேயே, அமாவாசைக் கூட்டம் கலைந்த மறுநாள் வைக்கலாம். விதி தடுக்காது என்றே நினைக்கிறேன். பம்பைக்காரர் ஒருவர் எழுந்து, "நீங்க எழுதினது எங்க பாட்டுல இல்லையே தம்பி" என்று கேட்டால், வழிகாட்டிப் பேராசிரியர் யார் பக்கம் பேசுவார் என்பதைப் பார்க்க நான் பஸ் ஏறத் தயார்.