கத்தரீனாவின் மானம்

செல்போன் காலத்து வாழ்க்கையைச் சரியாகச் சொல்லும் நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். புதிதாக வருகிற நாவல்களில் செல்போன் நிறையவே வருகிறது. கதாநாயகன் அதை எடுக்கிறான், பார்க்கிறான், வைக்கிறான்; வைத்த பிறகு கதை பழைய கதையாகவே நடக்கிறது. நான் நண்பருக்குச் சொன்னது 1974ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ஒரு சிறிய நாவலை. அதில் இருப்பதெல்லாம் எண்ணைச் சுழற்றிப் பேசுகிற டெலிபோனும், காலையில் அச்சாகி வருகிற பத்திரிகையுந்தான். என்னைக் கேலி செய்கிறீர்களா என்றார் நண்பர். இல்லை, படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

ஹைன்ரிக் போல் எழுதிய 'கத்தரீனா ப்ளுமின் இழந்த மானம்' என்பது அந்த நாவல். எனக்கு ஜெர்மன் தெரியாது, ஆங்கிலத்தில்தான் படித்தேன். ஒரே இரவில் முடித்துவிடலாம். ஆனால் முடித்த பின் தூக்கம் வருவது சிரமம்.

கத்தரீனா இருபத்தேழு வயதுப் பெண். ஒரு வக்கீல் வீட்டில் வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். கணவனைப் பிரிந்தவள். கணக்காகச் செலவழித்து, சொந்தமாக ஒரு சிறு வீடும் பழைய காரும் வைத்திருக்கிறாள். 1974 பிப்ரவரி மாதம், ஊரில் திருவிழாக் காலம். ஒரு புதன்கிழமை இரவு ஒரு விருந்தில் லுட்விக் என்ற இளைஞனைச் சந்திக்கிறாள். மனம் பற்றிக்கொள்கிறது. அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். அவன் போலீஸ் தேடுகிற ஆள். விடிந்ததும் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. அவன் அதற்குள் போய்விட்டான். அன்று தொடங்கிப் பத்திரிகை அவளை எழுத ஆரம்பிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பத்திரிகையின் நிருபரை அவள் சுட்டுக் கொன்றுவிடுகிறாள். மாலை ஏழு மணிக்குப் போலீஸ் அதிகாரி ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டித் தானாகவே சொல்லிவிடுகிறாள். நடுவில் ஊரெல்லாம் சுற்றி, மனத்தில் வருத்தம் வருகிறதா என்று தேடிப் பார்த்தாளாம், வரவில்லையாம்.

கதையை நான் இப்படிப் போட்டு உடைத்துவிட்டேனே என்று வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆசிரியரே முதல் சில பக்கங்களில் உடைத்துவிடுகிறார். யார் கொன்றது, யார் செத்தது என்பதையெல்லாம் முதலிலேயே வைத்துவிட்டு, பிறகு நிதானமாக, ஒரு குமாஸ்தா கோப்பைப் புரட்டுகிற மாதிரி, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று சொல்லிக்கொண்டு போகிறார். இது சாமர்த்தியத்துக்காகச் செய்தது அல்ல. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று வாசகரின் பரபரப்பைத் தூண்டி விற்பது அந்தப் பத்திரிகையின் தொழில். அதே பரபரப்பை மூலதனமாக வைத்து அந்தப் பத்திரிகையைக் கண்டிக்க முடியாது என்று போலுக்குத் தெரிந்திருக்கிறது.

அவருக்கு அது தெரிய வந்த விதமும் சுகமானது அல்ல. 1971 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியில் ஒரு வங்கிக் கொள்ளை நடந்து ஒரு போலீஸ்காரர் இறந்தார். போலீஸ் விசாரித்து முடிவு சொல்லுமுன், பில்ட் என்ற பெரும் விற்பனைப் பத்திரிகை இன்ன கூட்டந்தான் செய்தது என்று முதல் பக்கத்தில் தீர்ப்பு எழுதிவிட்டது. 1972 ஜனவரியில் ஸ்பீகல் வாரப் பத்திரிகையில் போல் இதைக் கண்டித்தார். உடனே அவரே பயங்கரவாதிகளுக்கு அனுதாபி ஆகிவிட்டார். அவர் வீட்டிலேயே போலீஸ் சோதனை நடந்தது. அதே 1972இல்தான் நோபல் பரிசும் கிடைத்தது. நாவலின் முன்குறிப்பில், பாத்திரங்கள் கற்பனை என்று சொல்லிவிட்டு, பத்திரிகையின் நடைமுறை மட்டும் பில்டை ஒத்திருந்தால் அது தவிர்க்க முடியாதது என்ற பொருளில் ஒரு குத்தல் வைத்திருக்கிறார்.

கோபத்தில் எழுதிய நாவல்தான். ஆனால் கோபத்தை அவர் செலுத்தியிருக்கிற இடம் வேறு. பொய் எழுதுகிறார்கள் என்று கூச்சல் போட்டிருந்தால் அது ஒரு மேடைப் பேச்சாகப் போயிருக்கும். இந்த நாவலில் முழுப் பொய் குறைவு. சொன்னதைச் சற்றே நிமிர்த்தி, வளைத்து, பளபளப்பாக்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

விடுமுறையில் போயிருக்கும் வக்கீலிடம் நிருபர் விசாரிக்கிறான். கத்தரீனா புத்திசாலி, நிதானமானவள் என்கிறார் வக்கீல். மறுநாள் பத்திரிகையில் அவள் ஈரமில்லாதவள், எதையும் கணக்குப் போட்டுச் செய்கிறவள் என்று வருகிறது. அவளுடைய தாய் புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். யாரையும் பார்க்க விடாத அந்த அறைக்குள் சுவருக்கு வர்ணம் பூசுகிறவன் வேஷத்தில் நுழைந்ததாக நிருபர் பின்னால் பெருமையடித்துக்கொள்கிறான். ஏன் இப்படி ஆக வேண்டும், ஏன் இப்படி முடிய வேண்டும் என்று அந்தக் கிழவி புலம்புகிறாள். அச்சில் அது, இப்படித்தான் ஆகும், இப்படித்தான் முடியும் என்று வருகிறது. பெற்றவளின் புலம்பல், பெற்றவளின் தீர்ப்பாகிவிட்டது. சாதாரண ஜனங்களுக்குத் தாங்கள் நினைப்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரியாது, அதற்கு உதவி செய்வதே என் தொழில் என்பது நிருபரின் சமாதானம். அந்தத் தாய் இறந்து போகிறாள்.

சொந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர், கத்தரீனாவின் தகப்பன் ரகசியக் கம்யூனிஸ்ட் என்று பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார். பிற்பாடு வக்கீல் போய் எப்படித் தெரியும் என்று கேட்டால், மோப்பத்திலேயே தெரிந்துகொண்டேன் என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் உறவினர்களில் இந்த மூக்கு உள்ளவர்கள் நாலு பேராவது உண்டு.

இவர்களுக்கு எதிரே போல் நிறுத்தியிருக்கும் பெண் யார்? சொல்லுக்காக மணிக்கணக்கில் மல்லாடுகிறவள். போலீஸ் விசாரணையில் அவள் வாக்குமூலத்தை எழுதுகிறார்கள். சில ஆண்கள் தன்னிடம் அத்துமீறி நடக்கப் பார்த்தார்கள் என்கிறாள். அவர்கள் கொஞ்சலாக நடந்தார்கள் என்று எழுதப் பார்க்கிறார்கள். கூடாது என்கிறாள். கொஞ்சல் இருவர் மனமும் சேர்ந்தது. அத்துமீறல் ஒரு பக்கத்தது. வக்கீல் தம்பதிகள் தன்னைப் பரிவோடு நடத்தினார்கள் என்கிறாள். நல்லபடியாக நடத்தினார்கள் என்று போட்டுக்கொள்ளலாமா என்றால், கூடாது, பரிவு என்றே போட வேண்டும் என்கிறாள். இதனால் விசாரணை நீண்டுகொண்டே போகிறது. வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு இத்தனை சொல் நுட்பம் வேண்டுமா என்று அந்த அறையில் இருப்பவர்கள் எரிச்சல் படுகிறார்கள். நாவலின் மையமே இந்த அறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சொத்தும் குலமும் இல்லாத ஒருத்திக்குத் தன்னைப் பற்றிய சொல் சரியாக இருப்பதொன்றே மானம். அதைத்தான் மறுநாள் காலை காசுக்கு விற்கிறார்கள்.

இன்னொரு இடம். அவளுடைய காரில் ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியைப் போலீஸ் படித்துக் கணக்குப் போடுகிறது. வேலைக்குப் போய்வந்த தூரத்தைக் கழித்தால் ஏராளமான கிலோமீட்டர் மிஞ்சுகிறது. எங்கே போனாய், யாரைப் பார்க்கப் போனாய்? அவளுக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்துச் சொல்கிறாள்: மழை பெய்கிற மாலை நேரங்களில், தனியாக, எந்த ஊர் என்றில்லாமல் ஓட்டிக்கொண்டு போவேன். வீட்டில் டெலிவிஷன் முன் தனியாக உட்கார்ந்து குடிக்கிற பெண்ணாக ஆகிவிடுவோமோ என்ற பயம். இதைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். கருவி பொய் சொல்லவில்லை. தூரம் சரி. ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஒரு பெண்ணின் தனிமை இருப்பது கருவிக்குத் தெரியாது. கணக்குப் பார்த்தவர்களுக்கு அதில் ஒரு கள்ளக் காதலன்தான் தெரிந்தான். யார் எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் நின்றார்கள் என்பதைச் சட்டைப் பையிலுள்ள செல்போனே குறித்து வைத்துக்கொள்கிற நாளில் இருக்கிறோம். என் நண்பருக்கு இந்த நாவலைச் சொன்னதற்கு இந்த ஒரு பக்கமே போதும்.

டெலிபோன் ஒட்டுக் கேட்பதைப் பற்றி ஒரு வேடிக்கையான பகுதி உண்டு. ஒட்டுக் கேட்கிற உத்தியோகஸ்தர்களுக்கு என்ன மனக் கஷ்டமோ, எத்தனை அசிங்கத்தைக் காதில் வாங்க வேண்டியிருக்கிறதோ என்று கதை சொல்கிறவர் அவர்களுக்காக உருகுகிறார். கொஞ்சம் நீளம். கதைச் சம்பவங்களைத் தண்ணீர் வடிகாலுக்கு ஒப்பிட்டு அவர் திரும்பத் திரும்பப் பேசுவதும் எனக்கு அலுப்பாகவே இருந்தது. பெரிய குறை நிருபரின் பாத்திரந்தான். அவனுக்கு ஒரு வீடு, ஒரு பயம், ஒரு தாயார் எதுவும் இல்லை. கயவனாகவே வருகிறான், கயவனாகவே சாகிறான். எல்லோரையும் ஒரு சொல்லில் அடக்குகிறவனை ஆசிரியரும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டாரே என்று நினைத்தேன்.

ஆனால் நிருபரைவிடப் பெரிய குற்றவாளியை அவர் விட்டுவிடவில்லை. பத்திரிகையில் வந்த பிறகு கத்தரீனாவுக்கு ஊர் பேர் இல்லாத கடிதங்கள் வருகின்றன. டெலிபோனில் முகந்தெரியாத குரல்கள் ஆபாசம் பேசுகின்றன. அரசாங்கம் இதிலிருந்து என்னைக் காப்பாற்றாதா என்று கேட்கிறாள். பத்திரிகைச் சுதந்திரம் இருக்கிறது, வேண்டுமானால் நீயே வழக்குப் போட்டுக்கொள் என்கிறார்கள். நியாயமாக எழுதிய வேறு பத்திரிகைகளும் இருக்கின்றன என்று யாரோ துணுக்குகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர்களெல்லாம் படிப்பது இதைத்தானே என்கிறாள். பொதுஜன அபிப்பிராயம் என்று நாம் கௌரவமாகச் சொல்வதை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதாக எனக்கு நினைவில்லை. அவளுக்கு மோதிரம் கொடுத்துப் பின்னால் சுற்றிய ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். அவர் பெயர் மட்டும் பத்திரிகையில் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இங்கே வேறொரு கொலை நினைவுக்கு வரும். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டு விற்ற 'இந்துநேசன்' லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்தப்பட்டு இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய், வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947இல் விடுதலையானார்கள். அந்தக் கதையை நாம் இன்றும் நட்சத்திரங்களின் கதையாகவே பேசுகிறோம். அவர்கள் பாடவும் சிரிக்கவும் வைத்தவர்கள். அவர்களுக்காகக் கண்ணீர் விட ஊரே இருந்தது. போல் ஒரு வேலைக்காரியை எடுத்துக்கொண்டாரே, அதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

வேலைக்காரி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் நாலு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்த பெண் ஒருத்தி. ஒரு வீட்டில் மோதிரம் காணாமற் போயிற்று. வாசலில் பொருத்தியிருக்கும் கேமராவில், அவள் காலை பதினொரு மணிக்கு ஒரு பையை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே போவது பதிவாகியிருந்தது. அந்தப் படத்தை, ஜாக்கிரதை என்ற ஒற்றைச் சொல்லுடன் எங்கள் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டார்கள். திருடினாள் என்று ஒருவரும் எழுதவில்லை. பையில் இருந்தது மேல் வீட்டு அம்மாள் கொடுத்த பழைய துணி.

மறுநாள் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, நீங்க எழுதுறவங்க. நான் எடுக்கலேன்னு நாலு வரி அதுல எழுதிப் போடக் கூடாதா?"

எழுதினேன். மூன்று பேர் கட்டை விரலை உயர்த்தினார்கள். அதற்குள் அவள் படம் அடுத்த தெருக் குழுவுக்கும் அதற்கடுத்த நகருக்கும் போயிருந்தது. ஒவ்வொரு வீடாக அவளை நிறுத்திவிட்டார்கள். பத்து நாள் கழித்துச் சலவை இயந்திரத்தின் ரப்பர் மடிப்பில் மோதிரம் கிடைத்தது. அந்த வீட்டு அம்மாள் அதையும் குழுவில் போட்டார். கைகூப்பும் படங்கள் நிறைய வந்தன. அவள் எங்கே வேலைக்குப் போகிறாள் என்று விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தக் கட்டுரைக்காகக் கத்தரீனாவின் விசாரணைப் பக்கங்களை மறுபடியும் படித்தபோது, அன்று நான் எழுதிய நாலு வரியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எடுக்கலே என்றுதான் அவள் சொன்னாள். நான், அவள் எடுத்திருக்க வாய்ப்பில்லை என்று எழுதியிருந்தேன்.