குடத்துக்கு எந்த மைக்? – வில்லுப்பாட்டும் குழாய் ஸ்பீக்கரும்

நாஞ்சில் நாட்டில் பல கொடைகளில் வில்லுப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டால் புலவர் குரல் கணீரென்று வரும், வில்மணி வரும். குடம் மட்டும் 'டொக் டொக்' என்று ஒலிக்கும். அது குடத்தின் ஓட்டுச் சத்தம், நாதம் இல்லை. குறை குடம் அடிக்கிறவரிடம் இல்லை, மைக் செட்டில் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் குடம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வில்லின் முதுகைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, குடத்தைப் புரிமணையில் உட்கார்த்தி வைப்பார்கள். குடக்காரர் தட்டையான பட்டையால் அதன் வாயில் அடிக்கிறார். அப்போது மண் மட்டும் அதிர்வதில்லை; உள்ளே இருக்கிற காற்றும் கழுத்து வழியே மேலும் கீழும் ஆடுகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு என்று இயற்பியலில் சொல்வது இதைத்தான். 15 லிட்டர் பிடிக்கிற, வாய் 12 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு குடத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 150 ஹெர்ட்ஸ் வருது.

இனி குழாய் ஸ்பீக்கரைப் பாருங்க. பேச்சு தூரத்துக்குத் தெளிவாகப் போக வேண்டும் என்று செய்த சாதனம் அது. பொதுவாக 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிசா ஒன்றும் வராது. குரல் தப்பித்துவிடும், அதன் மேல் சுரங்களை வைத்தே காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். குடத்துக் காற்றின் ஒலியில் அப்படி வரிசையான மேல் சுரங்கள் கிடையாது. அதனால் நாதம் குழாயிலேயே நின்றுபோய், ஓட்டுச் சத்தம் மட்டும் வெளியே வருது.

ரெசொனேட்டர் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. எலெக்ட்ரிக் கிட்டார் பரவுவதற்கு முன், சத்தத்தைக் கூட்டவே 1920களில் ஜான் டோபியேரா அலுமினியக் கூம்பு வைத்துச் செய்த கிட்டார் அது. அதில் காந்தப் பிக்கப் வைத்தால் கம்பியின் அசைவைத்தான் எடுக்கும். கூம்பின் குணம் பெரும்பாலும் போயிடும். அதனால் பலர் பிக்கப்போடு, கூம்புக்கு முன்னால் ஒரு மைக்கும் வைத்து இரண்டையும் கலக்குகிறார்கள். குடத்துக்கும் இதே நியாயம்தான். கான்டாக்ட் மைக்கை அதன் வயிற்றில் ஒட்டினால் மண்ணின் தட்டல் வரும், காற்று வராது.

ஆகவே குடத்துக்குத் தனியா ஒரு டைனமிக் மைக் வேண்டும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சாய்வாக வைக்கணும். நேரே வைத்தால் பட்டை கிளப்புகிற காற்று மோதி வெடிக்கும். மிக்ஸரில் அந்தச் சானலின் லோ கட் பொத்தானை அமுக்கக் கூடாது. கோயில் முற்றத்தில் இருக்கிறவர்களுக்கு 15 அங்குல பாக்ஸ் ஸ்பீக்கர் இரண்டு போதும். குழாய் தெருவுக்கு இருக்கட்டும், அதில் குரலை மட்டும் விடலாம்.

'ஜனங்க கதை கேட்கத்தானே வாறாங்க, குரல் போதாதா?' என்று கேட்கலாம். கதை மட்டும் என்றால் போதும். ஆனால் வில்லுப்பாட்டு கொடைச் சடங்கோடும் சாமியாட்டத்தோடும் பின்னிக்கிடப்பதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வந்த தன் புத்தகத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறார். கதை உச்சத்துக்கு ஏறி, கோமரத்தாடிக்கு அருள் வருகிற நேரத்தில் சொல்லோடு தாளமும் சேர்ந்தே வேலை செய்கிறது. அந்தத் தாளத்தின் அடித்தளத்தை உருவிவிட்டு உச்சத்தை எதிர்பார்ப்பது எப்படி? குடம் எடுபடலைன்னு பக்கத்தில் ஒரு ரிதம் பேட் வந்து உட்கார்ந்துவிட்டால், பிறகு குடம் வில்லைத் தாங்குகிற முட்டுக்கட்டை மட்டும்தான்.

கொடைக்கு மைக் செட் பேசும்போது கமிட்டிக்காரர்கள் எத்தனை குழாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். குடத்துக்கு மைக் உண்டா, முற்றத்துக்கு பாக்ஸ் உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்க. ஒரு மைக்கும் ஒரு ஸ்டாண்டும்தான் கூடுதல் செலவு. பாக்ஸ் அனேகமா அவரிடமே இருக்கும்.