தலையெழுத்தும் தந்தியும்

ப்ளூஸ் என்றாலே ஒப்பாரி, கறுப்பர் பாட்டு என்றாலே அழுகை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆல்பர்ட் கிங்கை நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். தப்பாகக் கேட்டிருக்கிறேன்.

மிசிசிப்பியில் 1923இல் பிறந்தவர். பருத்திக் காட்டில் உழைத்தவர், புல்டோசர் ஓட்டியவர். இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்குச் செய்த கிடாரை அப்படியே திருப்பிப் பிடித்தார், தந்திகளையும் மாற்றிக் கட்டவில்லை. மற்றவர்கள் மேலே தள்ளுகிற மெல்லிய தந்தியை இவர் கீழே இழுத்தார். அடுத்தவன் கைக்குச் செஞ்ச கருவி நம்ம கைக்குப் பணியணும்னா வேற வழி?

முதல் ஆல்பமான 'தி பிக் ப்ளூஸ்' (1962) இசைத்தட்டிலேயே அந்த இழுப்பு இருக்கிறது. ஆனால் அது ஓங்கி நின்றது 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' (1967) ஆல்பத்தில்தான். மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ. நிறம் பிரித்து வைத்த ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த புக்கர் டி குழு. அல் ஜாக்சனின் டிரம் அளந்து விழுகிறது. கிடார் நாலு சுரம் சொல்லிவிட்டு நிற்கிறது. சோல் இசையின் தாளக்கட்டு ப்ளூஸை நிமிர்த்தி உட்கார வைத்தது. 'தி வெரி தாட் ஆஃப் யூ' மாதிரி வழுக்கலும் உண்டு, மறைக்கவில்லை.

தலைப்புப் பாட்டு வில்லியம் பெல்லும் புக்கர் டி. ஜோன்ஸும் எழுதியது. கெட்ட நேரத்தில் பிறந்தவனின் புலம்பல். அவன் எழுதப் படிக்கத் தெரியாதவன். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவதைத் தெற்கு மாநிலங்கள் பல சட்டம் போட்டுத் தடுத்தன. அது கிரகம் செய்த வேலையா? கைநாட்டு வைத்த எங்க ஆயாவும் 'எல்லாம் தலையெழுத்து'ன்னுதான் சொல்லும். எழுத்தைக் கொடுக்காதவன் தலையெழுத்தை மட்டும் தாராளமாகக் கொடுத்திருக்கிறான். பாட்டின் வார்த்தை அதை ஏற்கிறது. குரல் ஓய்கிற இடத்தில் தந்தி எதிர்த்துப் பேசுகிறது.

அதே மெம்ஃபிஸில், 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்கு ஒதுங்கிய துப்புரவுத் தொழிலாளர் இருவர் குப்பை வண்டி இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். மற்றவர்கள் நேரத்தை நொந்துகொண்டு சும்மா இருக்கவில்லை. சுமார் 1300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று அட்டை பிடித்தார்கள். அவர்களுக்காக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகும் போராட்டம் நின்றது. அந்த மாதமே நகராட்சி சங்கத்தை அங்கீகரிக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பாட்டைக் கேட்டு உச்சுக் கொட்டுகிற தோழர்களுக்கு ஒன்று சொல்வேன்: சோகத்தை மட்டும் கேக்காதீங்க, அந்த விரல் தந்தியை எந்தப் பக்கம் இழுக்குதுன்னும் கேளுங்க.