மோரியா முதல் மாரிக்குப்பம் வரை

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் ஆட்டத்துக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. அதை நடத்தும் ‘கேம் மாஸ்டர்’ நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனைப் போன்றவர். கதைக்குள்ளும் நிற்பார், வெளியேயும் நிற்பார். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இவ்வகை ஆட்டங்களுக்குத் தாய். ராபர்ட் ஹோவர்ட், ஜாக் வான்ஸ், டோல்கீன் எனத் தம்மைத் தூண்டிய மிகுபுனைவு எழுத்தாளர்களைக் கைகாக்ஸ் 1979ஆம் ஆண்டுக் கையேட்டின் பின்னிணைப்பில் பட்டியலிட்டார்.

நாவலை ஆட்டமாக்குவதில் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, நாவலிலுள்ள சாமான்களை அள்ளிக்கொள்வது. குள்ளர், எல்ஃப், ஆர்க், மாயவாள் எல்லாம் அப்படி வந்தவைதான். டோல்கீன் தரப்பிலிருந்து உரிமைச் சிக்கல் எழுந்ததும் ‘ஹாபிட்’ என்ற பெயர் ‘ஹாஃப்லிங்’ ஆனது. ஆட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. பெயரை மாற்றியும் ஒன்றும் குறையவில்லை என்றால், நாவலிலிருந்து எடுத்தது மேல்தோலைத்தான் என்று பொருள்.

மற்றது, அந்த நாவலின் உலகம் எந்த விதியால் இயங்குகிறதோ அதைப் பிடிப்பது. வான்ஸின் கதைகளில் மந்திரவாதி மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்வான். பிரயோகித்ததும் அது மறந்துபோகும். இந்த ஒன்றை மட்டும் கைகாக்ஸ் விதியாகவே எடுத்துக்கொண்டார். 1981இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’, திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளிலுள்ள பயங்கரத்தைக் கணக்கில் கொண்டுவந்தது. உண்மையை அறிய அறியப் பாத்திரத்தின் சித்தத் தெளிவு எண் எண்ணாகக் குறையும்.

இந்த வழியின் உச்சம் கிரெக் ஸ்டாஃபர்ட் 1985இல் தந்த ‘பென்ட்ராகன்’. ஆர்தர் மன்னன் கதைகளைச் சார்ந்தது. இதில் வீரனின் குணங்கள் இணை இணையாக வரும். ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் 13 என்றால் கொடூரம் 7. தோற்ற பகைவன் காலில் விழுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது முகப் பகடையில் 13க்குள் விழுந்தால், ஆடுபவர் மனத்தில் என்ன இருந்தாலும் வீரன் இரங்கியே ஆகவேண்டும். வீரன் மாண்டால் மகன் வாளை எடுப்பான். தலைமுறை தலைமுறையாக நீளும் காவியம் ஆட்டத்துக்குள் வந்தது இப்படித்தான்.

டோல்கீனுக்கே இந்த நியாயம் கிடைக்க நாளாயிற்று. 1984இல் வந்த ‘மிடில் எர்த் ரோல் பிளேயிங்’ அட்டவணைகளின் பாரத்தில் திணறியது. 2011இல் ஃபிரான்செஸ்கோ நெப்பிட்டெல்லோவின் ‘தி ஒன் ரிங்’தான் நெடும்பயணத்தின் களைப்பையும் நம்பிக்கையையும் மனத்தில் படரும் நிழலையும் விதிகளாக்கியது.

இத்தனையிலும் ஓர் ஓட்டை உண்டு. அது கோலார் தங்கவயலிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஆட்டக்காரர்கள் இறங்கும் பாதாளங்களின் முன்மாதிரிகளில் ஒன்று டோல்கீனின் மோரியா. அது ஒரு சுரங்கம். குள்ளர்கள் பேராசையோடு ஆழத் தோண்டியதால்தான் அரக்கன் விழித்தான் என்பது கதை. பெரும்பாலான ஆட்டங்கள் அரக்கனையும் புதையலையும் எடுத்துக்கொண்டு, தோண்டியவர்களை விட்டுவிட்டன. யாரோ வெட்டிய குழிக்குள் நுழைந்து அள்ளிக்கொண்டு வருவதே வீரம் என்றாகிவிட்டது.

தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் அக்கம்பக்க மாவட்டங்களிலிருந்தும் போன தமிழர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். அடியாழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தோண்டத் தோண்ட, மிஞ்சி நிற்கும் பாறையில் அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் அது தானே வெடிக்கும். ‘ராக் பர்ஸ்ட்’ என்ற அந்த வெடிப்பு பலரைப் பலிகொண்டது. மோரியாவில் அரக்கனாக வந்த விதி இங்கே இயற்பியலாகவே இருக்கிறது. எடுக்கும் ஒவ்வொரு தங்கத் துணுக்குக்கும் அழுத்தக் கணக்கில் ஒன்று கூட்டி, எப்போது வெடிக்கும் என்பதைப் பகடையிடம் விட்டால் போதும், ஆட்டம் தயார்.

இன்னொரு விதியும் உண்டு. மேலே வந்ததும் உடம்பைச் சோதிப்பார்கள். வெட்டிய தங்கம் வெட்டியவனுக்குச் சொந்தமில்லை. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து இதே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எந்தப் பாதாள ஆட்டத்திலும் இப்படியொரு கட்டம் வந்து நான் பார்த்ததில்லை. அதிசயம்தான் வேண்டுமென்றால் அதற்கும் பஞ்சமில்லை. 1965இல் இதே சுரங்கத்தின் இரண்டு கிலோமீட்டருக்குக் கீழேதான் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தை இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024இல் இந்த மண்ணை மிகுபுனைவாக்கிக் காட்டியது. தங்கத்தைக் காக்கும் ஆரத்தி என்ற பாத்திரத்தை அதில் பார்த்தோம். திரை பார்ப்பவரை உட்காரவைக்கும். மேசை ஆட்டமோ அவரையே கூண்டில் ஏற்றிக் கீழே அனுப்பும். ஆகவே தமிழில் இத்தகைய ஆட்டம் செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். வாளும் டிராகனும் கடன் வாங்க வேண்டாம். சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28இல். கீழே இறங்கி வேலை செய்தவர்கள் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் இன்னும் இருக்கிறார்கள். விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தை எழுதுமுன் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.